சங்குக்கு வளர்ந்த பிள்ளை

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் திருகோணமலையில் ஊருக்கே ஒரு தூக்கம் வரும். உள்துறைமுகத்துத் தண்ணி அசையாது. கிண்ணியாப் பக்கமிருந்து வருகிற வள்ளம் நடுவில் நின்றுவிட்டது போலத் தெரியும். காகம்கூடக் கத்தாது. அந்த நேரம் பார்த்து, கப்பல் திருத்துகிற டொக்யாட்டின்ர சங்கு ஊதும். மலையில் பட்டு, தண்ணியில் பட்டு, இரண்டு மூன்று தரம் திரும்பி வந்துதான் அது அடங்கும். இப்பவும் கண்ணை மூடினால் எனக்கு முதலில் கேட்கிறது அந்தச் சங்குதான். பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாய் மிதந்து வரும். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, என்ர பிள்ளை, பக்கத்து வளவு ராத்தாவின்ர ஆடு. இந்த மூன்றையும் என்னால் பிரித்து நினைக்க ஏலாது. ஆட்டையும் பிள்ளையையும் ஒன்றாய்ச் சேர்க்கிறாளே, இவளுக்கு என்ன விசரோ என்று நினைக்கிறவை நினைக்கட்டும்.

கலியாணத்துக்கு முந்தி நான் ஒரு நேவித் துரையின்ர பங்களாவில் ஆயாவாக இருந்தேன். அம்மா செத்துப்போனா. கட்டைபறிச்சானில் ஐயா வயலும் தானுமாக இருந்தார். தெரிந்த ஆள் ஒருவர் வேலை இருக்கு என்று சொல்ல, குடாவைக் கடந்து லோஞ்சில் வந்து இறங்கினேன். எனக்கு அப்ப பதினாறு வயது. பங்களா மேட்டில் இருந்தது. யன்னலைத் திறந்தால் துறைமுகம் முழுக்கத் தெரியும். காலமையில் கப்பல்களை மூடிக்கொண்டு பனிப்புகார் நிற்கும். கப்பலே இல்லாமல் கொடிமரம் மட்டும் ஆகாசத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்த வீட்டில் எல்லாமே எனக்குக் கனவில் நடக்கிற மாதிரித்தான் இருந்தது.

துரையின்ர பெண்சாதி, நோனாவுக்கு அது முதல் பிள்ளை, ஆம்பிளைப் பிள்ளை. அவ அந்தப் பிள்ளையை மணிக்கூட்டுக்கு வளர்த்தா. விறாந்தைச் சுவரில் பெரிய மணிக்கூடு ஒன்று இருந்தது. ஆறு மணி, பத்து மணி, இரண்டு மணி, திரும்ப ஆறு மணி. அந்த நேரத்துக்குத்தான் போத்தல். இடையில் அழுதால் தூக்கக் கூடாது. தூக்கினால் பிள்ளை பழுதாய்ப் போகும் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தா. பிள்ளையைத் தள்ளுவண்டிலில் போட்டு வேப்பமரத்துக்குக் கீழே விட்டுவிட்டுத் தன்ர அலுவலைப் பார்ப்பா. பிள்ளையோ கொழுகொழு என்று, சிரித்த முகத்தோடு கிடக்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். எங்கட பக்கத்தில் ஒரு பிள்ளை சிணுங்கினால் நாலு பேர் ஓடி வருவினம். இங்கே ஒரு சத்தமில்லை. ஆகா, பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்க வேணும் என்று அப்பவே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

பின்னேரங்களில் நோனா பந்து விளையாடப் போயிடுவா. வீடு வெறிச்சென்று கிடக்கும். அப்ப நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வளவில் நடப்பேன். எனக்கும் தனிமை தெரியாது, அதுக்கும் பொழுது போகும். அணில் காட்டுவேன், கப்பல் காட்டுவேன். கட்டைபறிச்சானில் எங்கட மாடு ஆற்றில் இறங்கிப் போன கதையெல்லாம் அதுக்குச் சொல்லுவேன். அது என்ர கழுத்துக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நித்திரையாகும். கார்ச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வண்டிலுக்குள் போட்டுவிடுவேன். நோனா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளை என்று சந்தோசப்படுவா. நானும் சேர்ந்து தலையாட்டுவேன்.

பத்தொன்பது வயதில் எனக்குக் கலியாணம் நடந்தது. இவருக்கு டொக்யாட்டில் மெசின் பூட்டுகிற பிற்றர் வேலை. எங்களுக்கு அங்கேயே லைன் வீடுகளில் ஒரு குவாட்டர்ஸ் கிடைத்தது. ஒரு அறை, ஒரு குசினி, முன்னுக்கு ஒரு துண்டு முற்றம். அடுத்த வருசம் மகள் பிறந்தாள். வடிவான பிள்ளை. என்னைப்போலக் கறுப்பு, இவரைப்போலப் பெரிய கண். நான் அவளை வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி வளர்க்கப் போகிறேன் என்று லைன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆனால் எங்களிடம் மணிக்கூடு இல்லை. இவரிடம் ஒரு கைமணிக்கூடு இருந்தது. அது இவரோடு வேலைக்குப் போய்விடும். நான் விட்டேனோ? சங்கைப் பிடித்தேன்.

காலமை ஏழு மணிக்கு வேலைச் சங்கு. அப்ப ஒரு பால். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுச் சங்கு. அப்ப ஒரு பால். ஒரு மணிக்கு ஊதுகிறது ஆம்பிளையள் திரும்ப வேலைக்குப் போகிறதுக்கு. அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு நாலரை மணிக்கு வேலை விடுகிற சங்கு. அப்ப ஒரு பால். இராவில் இவரின்ர கைமணிக்கூட்டைப் பார்த்துக் குடுப்பேன். வெள்ளைக்காரியின்ர நேரத்துக்கும் என்ர நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்றுகூட நான் யோசிக்கவில்லை. அங்கே மணிக்கூடு, இங்கே சங்கு, இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். ஒரு யுத்தக் கப்பலைத் திருத்துகிற ஆட்களுக்கு ஊதுகிற சங்குக்குப் பச்சைப் பிள்ளை ஒன்றுக்குப் பால் குடுத்த புத்திசாலி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவள் ஒன்பதரை, பத்துக்கெல்லாம் அழத் தொடங்கிவிடுவாள். நான் குசினிப் படியில் போய்க் குந்திக்கொண்டு துறைமுகத்தைப் பார்ப்பேன். வெயிலில் தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அவள் அழ அழ எனக்குப் பால் சுரந்து சட்டை நனையும். துணியை மடித்து நெஞ்சில் அமத்திப் பிடித்துக்கொண்டு கப்பல்களை எண்ணுவேன். ஒரு கப்பலை எத்தனை தரம் எண்ணியிருப்பேனோ தெரியாது. நானும் அழுதேன். ஆனால் எழும்பவில்லை. பிடிவாதம்! லைன் பெண்டுகள் வந்து வாசலில் நின்று, "பிள்ளை தொண்டை கிழியக் கத்துது, உனக்கென்ன காது அடைச்சே போச்சு?" என்று ஏசுவினம். "வெள்ளைக்காரப் பிள்ளை எப்பிடி வளருது எண்டு உங்களுக்கென்ன தெரியும்? போய் உங்கட சோத்தைப் பாருங்கோ" என்று திருப்பிக் குடுப்பேன். அவையும் கொஞ்ச நாளில் வாறதை விட்டுவிட்டினம்.

ஒரு நாள் அவள் வழமைபோல அழுதாள். நான் படியில் இருந்தேன். நேரம் போனது, போனது, சங்கு ஊதவில்லை. வெயில் உச்சி திரும்பி, மதில் நிழல் மற்றப் பக்கம் விழத் தொடங்கிவிட்டது. இன்னும் ஊதவில்லை. உள்ளே அழுகை கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரிச் சின்னதாகிக்கொண்டே போய், நின்றுவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் இவர் சாப்பிட வந்து நின்றார். "என்னப்பா, சங்கு ஊதேல்லையே?" என்றேன். "பழுதாம். மணி ஒண்டாகப் போகுது" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் நித்திரையில்லை. கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். நான் குனிந்ததும் என்னைப் பார்த்தாள்; ஆனால் கையைத் தூக்கவில்லை.

அதுக்குப் பிறகு அவள் அழுகிறது குறைந்துபோனது. நான் அதை லைன் முழுக்கச் சொன்னேன். "பாத்தியளே, பழகிட்டாள். ஒரு சத்தம் இல்லை." வந்தவை போனவை எல்லாரும் "என்ன நல்ல பிள்ளை" என்று வியந்தினம். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. அந்தப் பெருமை இருக்கே, அதை நினைத்தால் இப்பவும் என்ர கன்னத்தில் நானே அறைய வேணும் போலக் கிடக்கு.

பிறகு வெள்ளைக்காரன் கப்பல்துறையை விட்டுப் போகப்போகிறான் என்று கதை வந்தது. ஆர் வேலையில் நிற்பினம், ஆரை நிப்பாட்டுவினம் என்று ஒருவருக்கும் தெரியாது. இவர் வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் கதிரையில் இருப்பார். ஒரு மூடி விழுந்தாலும் கத்துவார். கத்திவிட்டுத் தானே தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பார். மனுசனில் பிழையில்லை, பயம். எனக்கும் பயம். அந்த வீட்டில் மூச்சு விடுகிறதுகூட மெல்ல மெல்லத்தான். மகள் அப்பத்தான் நடக்கத் தொடங்கியிருந்தாள். வாசலில் வந்து நின்று முதலில் தகப்பனின்ர முகத்தைப் பார்ப்பாள், பிறகு என்ர முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் உள்ளே வாறதோ, அப்படியே திரும்பிப் போறதோ என்று முடிவெடுப்பாள். ஒன்றரை வயதுப் பிள்ளை! நான் அதையும் கெட்டித்தனம் என்றுதான் சொன்னேன்.

கடைசியில் இவரையும் நிப்பாட்டினார்கள். குவாட்டர்ஸை விட்டு, உள்துறைமுகக் கரையோடு இருக்கிற ஒரு ஒழுங்கையில் ஓலை வீடு ஒன்றுக்கு வந்தோம். இவருக்கு இறங்குதுறையில் வேலை கிடைக்க ஒரு வருசம் எடுத்தது. வெள்ளைக்காரன் போனான், சங்கு போகவில்லை. அது தன்ரபாட்டில் நாலு நேரமும் ஊதிக்கொண்டுதான் இருந்தது. எங்கட ஒழுங்கைக்கும் நல்லாய்க் கேட்கும்.

பக்கத்து வளவில்தான் ராத்தா இருந்தா. கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவ. என்னைவிட நாலைந்து வயது மூப்பு. மரியாதைக்கு நான் ராத்தா என்பேன், அவ என்னைத் தங்கச்சி என்பா. ஆறு பிள்ளைகள், ஐந்து ஆடு. அந்த வீட்டில் ஆடு எது பிள்ளை எது என்று கூரைக்குத்தான் தெரியும். வேலியில் ஆள் புகக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. அதுக்குள்ளால் எல்லாம் எங்கட பக்கம் வரும், எங்கட கோழி அங்கால போகும். எனக்கு மகன் பிறந்தது அந்த வீட்டில்தான். இவனையும் சங்குக்கு வளர்ப்பம் என்று தொடங்கினேன். அட, ராத்தாவும் அவவின்ர பெண்பிள்ளைகளும் விட்டால்தானே! அவன் வாயைத் திறக்க முந்தி ஒருத்தி பொட்டுக்குள்ளால் புகுந்து தூக்கிவிடுவாள். "என்ன தங்கச்சி, சங்குக்குப் பால் குடுக்கிறீங்களா? இவனென்ன கப்பலா?" என்று ராத்தா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கை மாறிக் கை மாறி வளர்ந்தான். கல்லில் கால் இடித்தால் கிண்ணியாவுக்குக் கேட்கக் கத்துவான். கத்திக்கொண்டு நேரே என்னிடம்தான் ஓடி வருவான்.

மகளுக்கு ஆறு வயதிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவள் நடக்கிறதில் ஒரு சாய்வு தெரிந்தது. விளையாட்டுக்கு நொண்டுகிறாள் என்று நினைத்தேன். சனி போய், ஞாயிறு முழுகவார்க்கப் பிடித்து இருத்தினபோதுதான் பாதத்தைப் பார்த்தேன். கரையில் கிடந்த ஊரிச்சிப்பி குத்தி உள்ளே முறிந்திருந்தது. பாதம் வீங்கிப் பளபளவென்று நின்றது. "ஐயோ, என்ர பிள்ளை! ஏனடி சொல்லேல்லை?" என்று கத்தினேன். அவள் மெல்ல, "நீங்கள் வேலையா இருந்தனீங்கள் அம்மா" என்றாள். குறை சொல்லுகிற குரல் இல்லை. தண்ணி சுடுது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வெட்டிச் சிப்பியை எடுத்தபோதும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அங்கே நின்ற ஒரு பெண், "என்ன நல்ல பிள்ளை, அழவே இல்லை" என்றா. அந்தச் சொல் அன்றைக்குத்தான் எனக்கு முதல் முதல் குத்தியது.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். இந்தப் பிள்ளை ஒரு நாளாவது தூர நின்று "அம்மா" என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறாளோ? கிட்ட வந்து மெல்லக் கதைப்பாள், கேட்டால் மறுமொழி சொல்லுவாள். கூப்பிட்டதில்லை. காய்ச்சலிலும் இல்லை, பயத்திலும் இல்லை. கூப்பிட்டால் ஆள் வரும் என்று அவளுக்கு ஒருவரும் பழக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவள் ஒருக்கால் என்னைக் கூப்பிட வேணும். ஒரே ஒருக்கால். நான் வாயால் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன், "ஏதும் எண்டால் கூப்பிடு பிள்ளை" என்று. "ஓம் அம்மா" என்பாள். அவ்வளவுதான். தூக்கி மடியில் வைத்தால் பாரமில்லாமல் இருப்பாள், எப்ப இறக்கிவிடுவாவோ என்கிற மாதிரி. எனக்கும் அவளைத் தொடக் கை கூசத் தொடங்கிவிட்டது.

அடுத்த மாரிக்கு முந்தி ராத்தாவின்ர ஒரு ஆடு முதல் தரம் குட்டி போட்டது. இரண்டு குட்டி. முதல் குட்டி விழுந்ததும் தாய் நக்கத் தொடங்கிவிட்டது. இரண்டாவது விழுகிற நேரம் தெருநாய்கள் வளவுக்குள் புகுந்து சண்டை பிடிக்க, தாய் வெருண்டு மூலைக்கு ஓடிவிட்டது. நாயைக் கலைத்துவிட்டு வந்து பார்த்தால் குட்டி நனைந்தபடி கிடக்கிறது. தாய் அதை மணந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளுகிறது. ராத்தா ஒரு சிரட்டையில் கல்லுப்புக் கொண்டு வந்து குட்டியின்ர உடம்பெல்லாம் தேய்த்துத் தாய்க்கு முன்னால் பிடித்தா. உப்புக்கு ஆசைப்பட்டு நக்கத் தொடங்கினால் அந்த நக்கலில் தாய்க்குப் பாசம் வந்துவிடும். அப்படித்தான் செய்யிறது வழக்கம். இந்தத் தாய் நாலு தரம் நக்கிவிட்டுத் திரும்பியும் முட்டியது. "நேரம் போயிட்டுது தங்கச்சி. இனி இதுக்குப் பாலைத்தான் குடுக்கலாம், தாயைக் குடுக்க ஏலா" என்றா ராத்தா. தாயின்ர காலைப் பிடித்துப் பால் குடிக்க வைத்தா. குட்டி பிழைத்தது. ஆனால் மற்றக் குட்டி துள்ளித் திரிய, இது வேலியோடு ஒட்டி நிற்கும். கத்தாது. சட்டி விழுந்தால் உடம்பு முழுக்க நடுங்கும்.

என்ர மகள் அந்தக் குட்டியைக் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பொட்டுக்குள் போய்க் குந்திவிடுவாள். குட்டியின்ர நெற்றியைச் சொறிவாள். ஒரு பழைய துணியை நனைத்துத் தலையிலிருந்து வால்வரைக்கும் நீளமாய்த் தடவுவாள். திரும்பத் திரும்ப, அவசரமில்லாமல். ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, ஓடி வாங்க! உங்கட மக ஆட்டை நக்குறா!" என்று கூப்பாடு போட்டா. எல்லாரும் சிரித்தோம். மகள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம், அந்த ஊர்த்தூக்கம் வருகிற நேரம், நான் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். சேலைக்கு அங்கால அவள் குட்டியோடு இருக்கிறாள், நான் நிற்கிறது அவளுக்குத் தெரியாது. சங்கு ஊதத் தொடங்கியது. குட்டி வெருண்டு எழும்பியது. அவள் அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்து, "பயப்பிடாதை, பயப்பிடாதை. அது சங்கு. இப்ப நிண்டிடும். நான் நிக்கிறன்தானே" என்று சொன்னாள். சங்கு மலையில் போய் அடங்கும்வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஈரச் சேலையைப் பிடித்தபடி நின்றேன். சொல்ல வெட்கம், எனக்கு அந்த ஆட்டில் பொறாமை வந்தது. அந்தச் சொல்லெல்லாம் அவளுக்குள் எங்கே இருந்தது? நான் சொல்லிக் குடுத்ததில்லையே.

அந்தக் குட்டி வளர்ந்து, சினைப்பட்டு, குட்டி போடுகிற நாள் வந்தது. தாய் நக்காத ஆடு தானும் நக்காது என்று ராத்தாவுக்கு நிச்சயம். அதனால் முன்கூட்டியே உப்புச் சிரட்டையோடு வந்து நின்றா. குட்டி விழுந்தது. ஆடு திரும்பிப் பார்த்தது. பிறகு மூக்கிலிருந்து வால்வரைக்கும் நக்கத் தொடங்கியது பாருங்கோ, ஒரு இடம் மிச்சம் விடவில்லை. நக்குகிற விதம்கூட மகள் துணியால் தடவுகிற மாதிரியே நீளமாய் இருந்தது. ராத்தா சிரட்டையை வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ்!" என்று நின்றா. மகள் சிரித்தாள். "உப்பு வேண்டாம் ராத்தா" என்றாள். அவள் பல்லுத் தெரியச் சிரித்தது எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம்.

பிறகு வருசங்கள் ஓடிப்போயின. அவள் படித்தாள், தைக்கப் பழகினாள், அன்புவழிபுரத்தில் ஒரு நல்ல பெடியனைக் கலியாணம் முடித்தாள். அந்த ஆடும் செத்து, அதின்ர குட்டியின்ர குட்டிகளும் ஒழுங்கையில் மேய்ந்தன. நான் மட்டும் ஒரு பழக்கத்தை விடவில்லை. சபை சந்தியில், கலியாண வீட்டில், "இவளை நான் சங்குக்கு வளர்த்தனான், ஒரு கரைச்சல் தரேல்லை" என்று சொல்லுவேன். உள்ளுக்குக் குத்தினாலும் வாய் சொல்லும். சொல்லாவிட்டால் அது பிழை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளைப்பெற்ற துடக்கு முப்பத்தொரு நாளும் கழியும்வரைக்கும் என்னோடு இருக்க வந்தாள். பிள்ளையைச் சேலையில் கட்டின ஏணையில் போட்டுவிட்டுக் கதிரையில் இருப்பாள். இரண்டாம் நாள் பத்து மணியிருக்கும், பிள்ளை அழத் தொடங்கியது. அவள் அசையவில்லை. கை இரண்டும் மடியில். சட்டை நனைந்திருந்தது. துணியை மடித்து நெஞ்சில் அமத்திக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள். 

"பிள்ளை அழுதல்லே, தூக்கன்" என்றேன்.

"இன்னும் சங்கு ஊதேல்லை அம்மா."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"நீங்கள்தானே சொல்லுறனீங்கள், என்னைச் சங்குக்கு வளர்த்தனீங்கள் எண்டு." அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "எனக்கு வேற விதம் தெரியாது."

நான் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். ஆனால் நான் தூக்கி என்ன? முப்பத்தொரு நாள் கழிய அவள் தன்ர வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே அந்தப் பிள்ளையும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். எல்லாரும் நல்ல பிள்ளை என்று சொல்லுவினம். ஒரு கிழமை இப்படியே போனது; சங்கு ஊதினால் நான்தான் பிள்ளையைத் தூக்கி அவளின்ர நெஞ்சில் பிடிப்பேன், குடித்து முடிய நானே திருப்பி எடுப்பேன். என்னால் தாங்க ஏலாமல் பொட்டடியில் போய் ராத்தாவிடம் சொன்னேன். "ஆட்டுக்குட்டிக்கு அவ்வளவு செய்தவள் ராத்தா. தன்ர பிள்ளையைத் தொடுறாளில்லை. ஏன் ராத்தா?"

ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வையை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். "ஆட்டுக்கு அவ இருந்தா தங்கச்சி" என்றா. "அவவுக்கு ஆர் இருந்த?"

எனக்குக் கோபம் வந்தது. "நான் இருந்தனான்தானே!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். குசினிப் படியில் குந்தினேன். வந்து குந்திய பிறகுதான் விளங்கியது, அது எங்கே இருந்த இருப்பு என்று.

அடுத்த நாள் பதினொன்றரைபோல, பிள்ளைப்பெற்றவளுக்கு முழுகவார்க்கிற இலைத்தண்ணியைச் சூடாக எடுத்துக்கொண்டு கிணற்றடித் தட்டிக்குள் போனேன். மற்ற நாள்களில் தண்ணியை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவள் தானே வார்ப்பாள். அன்றைக்கு நின்றேன். "இரு, நான் வார்க்கிறன்" என்றேன். முதுகில் கை வைத்ததும் அவள் திடுக்கிட்டாள். நான் எடுக்கவில்லை. சுடுதண்ணியை ஊற்றி, துணியால் கழுத்திலிருந்து இடுப்புவரைக்கும் நீளமாய்த் தேய்த்தேன். நொச்சி இலை வாசம். ஆவி. பனையோலைத் தட்டிக்குள்ளால் வெயில் புள்ளி புள்ளியாய் அவளின்ர முதுகில் விழுந்தது. எத்தனை வருசம் நான் இந்த முதுகைத் தொட்டு! அப்படித் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என்ர இடுப்பில் ஒரு பாரம் தெரிந்தது. கழுத்தில் ஒரு மூச்சுச் சூடு. அந்த வெள்ளைக்காரப் பிள்ளையின்ர பாரம். பின்வளவு, அணில், கப்பல், கார்ச் சத்தம். கடவுளே! கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா?" என்றாள்.

"உன்னைப் பொய்க்கு வளர்த்துப்போட்டன் பிள்ளை" என்றேன். "அந்த வெள்ளைக்காரப் பிள்ளை மணிக்கூட்டுக்கு வளரேல்லை. நோனா அங்கால போனதும் நான் தூக்கி வைச்சிருந்தனான். ஒவ்வொரு நாளும். அது என்ர இடுப்பில வளர்ந்தது. நான் அதை மறந்துபோனன். மறந்துபோய், உன்னை ஏணைக்குள்ள விட்டிட்டன்."

அவள் திரும்பவில்லை. தண்ணி அவளின்ர தலைமயிரால் வடிந்துகொண்டிருந்தது. "அப்ப நான் அழுதனானோ?" என்று கேட்டாள். "நான் அழுறதே இல்லை எண்டுதானே எல்லாரும் சொல்லுறவை."

"அழுதனீ. சரியா அழுதனீ. நான் குசினிப் படியில இருந்தனான். எனக்குக் கேட்டது. நான் வரேல்லை."

அவளின்ர முதுகு என்ர கைக்குக் கீழே குலுங்கத் தொடங்கியது. முதலில் சத்தமில்லை. பிறகு சத்தம் வந்தது. ஒரு பச்சைப் பிள்ளை அழுகிற மாதிரி வாயைத் திறந்து, அந்தரப்பட்டு அழுதாள். நான் நனைந்த அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் நனைந்துபோனேன். "நான் நிக்கிறன், நான் நிக்கிறன்தானே" என்று சொன்னேன். அந்தச் சொல்லை நான் அவளிடம்தான் படித்தேன்.

அந்த நேரம் உள்ளே ஏணையில் பிள்ளை சிணுங்கியது. அவள் அழுகையை நிறுத்திக் காது குடுத்தாள். சிணுங்கல் அழுகையாகியது. அவள் என்ர முகத்தைப் பார்த்தாள், சின்ன வயதில் வாசலில் நின்று பார்க்கிற மாதிரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு சங்காகிவிடும் என்று பயந்தேன். அவள் எழும்பினாள். சுற்றியிருந்த ஈரச் சேலையோடு, தண்ணி சொட்டச் சொட்ட, வீட்டுக்குள் ஓடினாள்.

நான் கிணற்றடியிலேயே நின்றேன். துறைமுகம் அசையாமல் கிடந்தது. வள்ளம் ஒன்று நடுவில் நின்றது. பிள்ளையின்ர அழுகை நிற்கவில்லை, இன்னும் கூடியது. அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை, பால் குடுக்க முடியாமல் அந்தரப்படுகிறாள் என்று விளங்கியது. ஓடிப்போக வேணும் போல இருந்தது. கூப்பிடாமல் போகப் பயமாக இருந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. வேலிக்கு அங்கால ராத்தாவின்ர உலக்கைச் சத்தம் நின்றது.

"அம்மா, கெதியா வாங்கோ! எனக்குத் தனிய ஏலாது!"

வாளியைப் போட்டேன். "வாறன், வாறன் பிள்ளை, வாறன்" என்று கத்திக்கொண்டு, சேறு வழுக்க வழுக்க ஓடினேன். நான் போய் அவளுக்குப் பின்னால் இருந்து, அவளைச் சாய்த்துப் பிடித்து, பிள்ளையை நெஞ்சில் சேர்த்துப் பிடித்த பிறகுதான் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.